பல பிரிவினர் இயங்கும் கட்டடத்தில் அலாரம் ஏரியாக்களைப் பிரிப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று தளக் கட்டடம். தரைத்தளத்தில் கிடங்கும் வரவேற்புக் கூடமும், முதல் தளத்தில் அலுவலகம், இரண்டாம் தளத்தில் கணக்குப் பிரிவும் சர்வர் அறையும் இருக்கின்றன. எல்லோருக்கும் வாசல் ஒன்று, படிக்கட்டு ஒன்று, அலாரம் பேனலும் (சென்சார்களை இணைத்துக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒன்று. நிறுவியவர் தளத்துக்கு ஒன்றாக மூன்று ஏரியாக்களை அமைத்துக் கொடுத்திருக்கிறார். மாலையில் கிடங்குப் பணியாளர்கள் தங்கள் ஏரியாவை ஆர்ம் செய்துவிட்டு, அதாவது காவல் நிலைக்கு மாற்றிவிட்டுப் போனதும், மேலிருந்து இறங்கி வருபவர்கள் வரவேற்புக் கூடத்தைக் கடக்கும்போது சைரன் அடிக்கிறது. அதற்குப் பயந்து இப்போது கிடங்கை யாரும் ஆர்ம் செய்வதே இல்லை. எத்தனை ஏரியாக்களாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாமல் எல்லோரும் கடந்துபோகும் அந்தக் கூடத்தை எந்த ஏரியாவில் சேர்ப்பது என்பதே உண்மையான சிக்கல். அதைத் தீர்த்துவிட்டால் எண்ணிக்கை தானாக முடிவாகிவிடும்.

இத்தகைய அமைப்புகளை வடிவமைப்பதும் நிறுவுவதும் பராமரிப்பதும் என் தொழில். உங்கள் பேனல் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று நீங்கள் குறிப்பிடாததால், எந்த மெனுவில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் ஏரியா வசதியுள்ள எல்லாப் பேனல்களுக்கும் பொதுவான தர்க்கம் ஒன்று உண்டு. கீழே எழுதுவது அதைப் பற்றியது. மாடலுக்கு மாடல் மாறக்கூடியதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜோன் என்பது பேனலுக்கு வரும் ஓர் உள்ளீடு: ஒரு கதவின் காந்தத் தொடர்பு (கதவு திறந்தால் அறிவிக்கும் சிறு கருவி), ஒரு அசைவு சென்சார், ஒரு கண்ணாடி உடைப்பு சென்சார். ஏரியா என்பது ஒன்றாக ஆர்ம் ஆகி, ஒன்றாக டிஸ்ஆர்ம் ஆகும் (காவல் நிலையிலிருந்து விலகும்) ஜோன்களின் தொகுதி. சில நிறுவனங்கள் இதைப் பார்ட்டிஷன் என்று அழைக்கின்றன. ஆர்ம் ஆகியிருக்கிறதா இல்லையா என்ற நிலை ஏரியாவுக்கு உரியது. உள்நுழையும் கால அவகாசம், வெளியேறும் கால அவகாசம், யார் யாருக்கு அதிகாரம், அலாரம் செய்திகளைத் தொலைவிலிருந்து கவனிக்கும் கண்காணிப்பு நிலையத்துக்குச் செல்லும் செய்தியில் இடம்பெறும் எண் ஆகியவையும் ஏரியாவைச் சார்ந்தவையே. ஒரு ஜோனை பைபாஸ் செய்து, அதாவது தற்காலிகமாகக் காவலிலிருந்து விலக்கி, ஏரியாவின் வேலையைச் செய்ய வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரவு தங்கி வேலை செய்பவருக்காக வரவேற்புக் கூடத்துச் சென்சாரை பைபாஸ் செய்வது அப்படிப்பட்டது. பைபாஸ் பெரும்பாலும் அடுத்த முறை டிஸ்ஆர்ம் செய்யும்வரை நீடிக்கும். வேலை செய்தவர் போன பிறகும் அன்றிரவு முழுவதும் கூடம் காவலின்றியே கிடக்கும். ஆகவே அது தீர்வு ஆகாது.

ஏரியாக்களைப் பிரிக்கும்போது கட்டட வரைபடத்தை முதலில் எடுக்காதீர்கள். ஒரு தாளில் ஆட்களின் குழுக்களை எழுதுங்கள்: கிடங்குப் பணியாளர்கள், அலுவலகத்தினர், கணக்குப் பிரிவினர், சர்வர் அறைக்குப் போகும் ஓரிருவர், துப்புரவுப் பணியாளர்கள். ஒவ்வொரு குழுவும் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, எந்தக் கதவுகள் வழியே நடக்கிறது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். எப்போதும் ஒரே ஆட்களால், ஒரே நேரத்தில் திறந்து மூடப்படும் இரண்டு இடங்கள் வெவ்வேறு தளங்களில் இருந்தாலும் ஒரே ஏரியாவாக இருக்கலாம். ஒரே தளத்தில் இருந்தாலும் வெவ்வேறு நேரத்தில் மூடப்படும் இரண்டு இடங்கள் ஒரே ஏரியாவாக இருக்கக் கூடாது. சர்வர் அறை அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கணக்குப் பிரிவினர் பகல் முழுவதும் அதே தளத்தில் அமர்ந்திருக்கும்போதும் அந்த அறை ஆர்ம் ஆகியே இருக்க வேண்டும். ஆகவே அதற்குத் தனி ஏரியா தேவை. கணக்குப் பிரிவையும் அலுவலகத்தையும் சேர்ப்பதா பிரிப்பதா என்பது மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினர் மட்டும் இரவு தங்குவார்களா என்பதைப் பொறுத்தது. தங்குவார்கள் என்றால் பிரியுங்கள். இல்லையென்றால் ஒன்றாகவே இருக்கட்டும். தேவையின்றிக் கூட்டிய ஒவ்வொரு ஏரியாவும் மாலையில் ஒருவர் மறக்காமல் செய்ய வேண்டிய வேலையை ஒன்று கூட்டுகிறது. ஆர்ம் செய்ய மறந்த ஏரியா எவ்வளவு நுட்பமாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை.

இனி வரவேற்புக் கூடம். உங்கள் கட்டடத்தில் நடந்திருப்பது இதுதான்: கூடம் தரைத்தளத்தில் இருப்பதால் அதன் வாசல் கதவும் அசைவு சென்சாரும் கிடங்கின் ஏரியாவில் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றை அங்கிருந்து எடுத்து, படிக்கட்டுச் சென்சார்களையும் தளமுகப்புச் சென்சார்களையும் உடன் சேர்த்து, பொது ஏரியா என்று ஒன்றை உருவாக்க வேண்டும். இந்தப் பொது ஏரியாவை யாரும் நேரடியாக ஆர்ம் செய்வதில்லை. மற்ற ஏரியாக்கள் அனைத்தும் ஆர்ம் ஆனால் மட்டுமே அதுவும் ஆர்ம் ஆகும். அவற்றில் ஏதேனும் ஒன்று டிஸ்ஆர்ம் ஆனால் உடனே அதுவும் டிஸ்ஆர்ம் ஆகிவிடும். பாஷ் நிறுவனத்தின் சில பேனல்களில் இதற்கென்றே ஏரியா வகைகள் இருக்கின்றன: பொது இடத்தை ஷேர்ட் என்றும், அதைச் சார்ந்தவற்றை அசோசியேட் என்றும் அமைத்தால் இந்தத் தர்க்கம் தானாக இயங்கும். ஹனிவெல்லின் விஸ்டா 128 வரிசையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு: இந்தப் பார்ட்டிஷன் திறந்திருந்தால் கூடத்தை ஆர்ம் செய்ய விடாமல் தடுக்க வேண்டுமா என்பது ஒன்று, இதை மூடும்போது கூடத்தையும் மூட முயல வேண்டுமா என்பது மற்றொன்று. உங்கள் பேனல் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு ஏரியாவுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு புரோகிராமிங்கைத் தொடங்குங்கள்.

அந்த விடைகளில்தான் கவனம் தேவைப்படுகிறது. சர்வர் அறை பகலும் இரவும் ஆர்ம் ஆகியே இருப்பதால் அதைப் பொது ஏரியாவின் நிபந்தனையில் சேர்க்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் நள்ளிரவில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வந்து அந்த அறையை மட்டும் திறந்து வேலை செய்தால், அவர் திரும்பிப்போகும் வழி கூடம்தான். ஆகவே சேர்க்கத்தான் வேண்டும். அந்த அறைக்குச் செல்லும் வழி கணக்குப் பிரிவின் நடுவே போகிறது என்றால் அவர் கீபேடில் அழுத்தும் குறியீட்டுக்குக் கணக்குப் பிரிவையும் டிஸ்ஆர்ம் செய்யும் அதிகாரம் வேண்டும். மறுபக்கம், கிடங்கில் பின்னாளில் இரவு ஷிஃப்ட் தொடங்கினால் கிடங்கு ஒருபோதும் ஆர்ம் ஆகாது, அதனால் கூடமும் ஒருபோதும் ஆர்ம் ஆகாது, அதைப் பற்றிப் பேனல் ஒரு எச்சரிக்கையும் தராது. கிடங்குக்குத் தனிப் பின்வாசல் இருக்குமானால், அவர்களை அந்த வழியில் அனுப்பிவிட்டுக் கிடங்கை நிபந்தனையிலிருந்து நீக்கிவிடலாம்.

கால அவகாசங்களும் இங்கேயே முடிவாக வேண்டும். கடைசியாகப் போகிறவர் இரண்டாம் தளத்துக் கீபேடில் தன் ஏரியாவை ஆர்ம் செய்த கணத்தில் பொது ஏரியாவின் வெளியேறும் அவகாசமும் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே அந்த அவகாசம் இரண்டாம் தளத்திலிருந்து வாசல்வரை ஒருவர் பையோடு நிதானமாக நடந்துபோகப் போதுமானதாக இருக்க வேண்டும். கடிகாரத்தோடு நடந்து பார்த்து, சற்றே கூட்டி வையுங்கள். பொய் அலாரங்களைக் குறைப்பதற்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட சிபி-01 தரம் வெளியேறும் அவகாசத்தை இயல்பாக 60 விநாடியாகவும், உள்நுழையும் அவகாசத்தை 30 விநாடிக்குக் குறையாமலும் வைக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 50131 உள்நுழையும் அவகாசம் 45 விநாடியைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த எண்களைப் பார்த்தாலே, காலையில் முதலில் வருபவர் வாசலைத் திறந்து, கூடத்தைக் கடந்து, இரண்டு தளம் ஏறி, மேலே இருக்கும் கீபேடில் குறியீட்டை அழுத்துவது சரிப்படாது என்பது விளங்கும். வாசலுக்கு உட்புறமாக, கூடத்திலேயே ஒரு கீபேட் வேண்டும். அங்கே நின்று ஒருவர் தன் குறியீட்டை அழுத்தினால் அவருடைய ஏரியா டிஸ்ஆர்ம் ஆகும். அதன் விளைவாகக் கூடமும் டிஸ்ஆர்ம் ஆகும். அதன் பிறகு அவர் அவசரமின்றி மேலே போகலாம். வாசல் கதவு தாமத வகையிலும், கூடத்துச் சென்சார் அதைத் தொடர்ந்து காத்திருக்கும் வகையிலும் அமைந்திருந்தால், வாசல் வழியே வந்தவருக்கு அவகாசம் கிடைக்கும். ஜன்னல் வழியே குதித்தவருக்குக் கிடைக்காது.

பலரும் விட்டுவிடும் ஓர் இடத்தை இங்கே சொல்ல வேண்டும். படிக்கட்டுத் தளமுகப்பில் கழிவறை இருக்கும் கட்டடங்களில், அதற்குள் இருப்பவர் எந்த ஏரியாவிலும் இல்லை. அவருடைய பிரிவைச் சகப் பணியாளர் கடைசி ஏரியாவாக ஆர்ம் செய்துவிட்டுப் போய்விட்டால், அவர் வெளியே வரும் நொடியில் படிக்கட்டுச் சென்சார் அவரைப் பிடித்துவிடும். பொது ஏரியாவின் வெளியேறும் அவகாசத்தின்போது ஒலிக்கும் பீப் ஒலி அந்தக் கழிவறைவரை கேட்க வேண்டும். தேவைப்பட்டால் தளமுகப்பில் ஒரு சிறிய ஒலிப்பானைத் தனியாகப் பொருத்துங்கள்.

அடுத்து எல்லைகள். இரண்டு ஏரியாக்களுக்கு நடுவே இருக்கும் கதவு, உங்கள் கட்டடத்தில் கிடங்குக்கும் கூடத்துக்கும் இடையிலான கதவு, யாருடையது? பாதுகாக்கப்பட வேண்டிய பக்கத்துக்கு உரியது என்பது பொது விதி. ஆகவே அது கிடங்கின் ஏரியாவில் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் பாதுகாக்கப்பட வேண்டியவை, இரண்டும் வெவ்வேறு நேரத்தில் மூடப்படுபவை என்றால், ஒரே ஜோனை இரண்டு ஏரியாக்களில் சேர்க்கும் வசதியை நம்பி இறங்காதீர்கள். அந்த வசதி உள்ள பல பேனல்களில், சேர்க்கப்பட்ட எல்லா ஏரியாக்களும் ஆர்ம் ஆனால்தான் அந்த ஜோன் விழித்திருக்கும். ஒன்று மட்டும் ஆர்ம் ஆகியிருக்கும் நேரத்தில், காவல் தேவைப்படும் அந்தக் கதவே காவலற்றுப் போகும். உங்கள் மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கையேட்டில் பார்த்தோ சோதித்தோ உறுதிசெய்யுங்கள். என் வழக்கம், அப்படிப்பட்ட கதவில் இரண்டு காந்தத் தொடர்புகளைப் பொருத்தி, ஏரியாவுக்கு ஒன்றாகத் தனித்தனி ஜோன்களில் இணைத்துவிடுவது. கூடுதலாக ஆவது ஒரு சிறு தொடர்பும் கொஞ்சம் வயரும்தான். தர்க்கத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமிருக்காது.

அசைவு சென்சார்களுக்கு எல்லை தெரியாது. உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார் சாதாரணக் கண்ணாடிக்கு அப்பால் பார்க்காது, ஏனெனில் உடல் வெளியிடும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மைக்ரோவேவ் அப்படியில்லை, கண்ணாடியையும் ஜிப்சம் பலகைத் தடுப்பையும் ஊடுருவிச் செல்லும். இரண்டும் சேர்ந்த சென்சார்கள் இரண்டு உணர்வும் கிடைத்தால்தான் அலாரம் தரும் என்பதால் பாதுகாப்பானவை என்று நினைக்கிறோம். ஆனால் அலுவலகத்து ஏசி காற்று பிஐஆரைச் சீண்டும் அதே வேளையில் தடுப்புக்கு அப்பால் படிக்கட்டில் ஒருவர் நடந்தால், காலியான அலுவலகத்தில் அலாரம் அடிக்கும். ஒரே கட்டடமாக ஆர்ம் செய்யப்பட்ட காலத்தில் வெளிப்படாத இந்தக் குறை ஏரியாக்களாகப் பிரித்த அன்றே தலைகாட்டும், ஏனெனில் இப்போது பக்கத்து இடத்தில் ஆட்கள் நடமாடுகிறார்கள். மைக்ரோவேவின் தூரத்தைக் குறைப்பதும், சென்சாரை எல்லைச் சுவரை நோக்காமல் எல்லைச் சுவரில் பொருத்தி உள்நோக்கித் திருப்புவதும் பெரும்பாலும் போதும்.

தீ, அவசர பட்டன், டேம்பர் (கருவியை யாரேனும் திறந்தால் அறிவிப்பது) ஆகிய 24 மணி நேர ஜோன்கள் ஆர்ம் நிலையைப் பார்ப்பதில்லை. அவற்றையும் ஏதோ ஓர் ஏரியாவில்தான் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். அப்போது அந்த ஏரியாவின் சைரன் மட்டும் ஒலிக்கும்படி விட்டுவிடாதீர்கள். தீ அலாரம் கட்டடம் முழுவதும் கேட்க வேண்டும். தீக்கென்று தனிப் பேனல் கட்டாயமா என்பதை உங்கள் இடத்துத் தீயணைப்பு விதிகளே முடிவு செய்யும். அதில் என் கருத்து அதிகாரபூர்வமானது அல்ல, உரிய துறையிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் தயக்கமின்றிச் சொல்வேன்: ஒரு ஏரியா ஆர்ம் ஆனதால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல் கதவு பூட்டிக்கொள்ளும் அமைப்பு எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது. கார்டு ரீடர்கள் பேனலோடு இணைந்திருந்தால், ஆர்ம் ஆகியிருக்கும் ஏரியாவை டிஸ்ஆர்ம் செய்யும் அதிகாரம் இல்லாதவருக்கு உள்ளே செல்லும் கதவு திறக்காதபடி செய்யலாம். தவறிப் பக்கத்துத் தளத்துக் கதவைத் திறப்பவர்களால் வரும் அலாரங்களை இது அடியோடு நிறுத்திவிடும். கட்டுப்பாடு உள்ளே செல்வதற்கு மட்டும்தான். வெளியே வருவதற்கு இல்லை.

குறியீடுகளைப் பொறுத்தவரை ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஏரியா அதிகாரமும் நேர வரம்பும் என்பதே வழி. துப்புரவுப் பணியாளரின் குறியீடு குறிப்பிட்ட நேரத்தில் அலுவலகத்தை மட்டும் திறக்கட்டும். மேலாளரின் குறியீட்டுக்கு எல்லா ஏரியாக்களையும் ஒரே அழுத்தலில் டிஸ்ஆர்ம் செய்யும் உரிமையை மரியாதைக்காகக் கொடுத்துவிடுவார்கள். அவர் தினமும் காலையில் தன்னையறியாமல் சர்வர் அறையையும் திறந்துவைப்பார். அந்த உரிமை ஆர்ம் செய்வதற்கு மட்டும் இருந்தால் போதும். பேனலைத் தயாரித்த ஆலையிலேயே வைக்கப்பட்டு வரும் நிறுவுநர் குறியீடு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மறந்துபோகும் பிரிவுகளுக்குத் தானியங்கி ஆர்ம் நேரம் வைக்கலாம். முன்னெச்சரிக்கை ஒலியும், தங்கியிருப்பவர் நேரத்தை நீட்டிக்கும் வசதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். பொது ஏரியாவுக்கு நேரம் வைக்காதீர்கள், அது மற்றவற்றைப் பின்தொடரட்டும். தானாக ஆர்ம் ஆகும்போது திறந்திருக்கும் ஜோனைப் பேனல் தானாக பைபாஸ் செய்ய அனுமதித்திருந்தால், கிடங்கின் ஷட்டர் திறந்தே கிடந்தாலும் ஏரியா ஆர்ம் என்றே காட்டும். வெளிக்கதவுகளுக்கும் ஷட்டருக்கும் அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

கண்காணிப்பு நிலையத்தோடு இணைப்பு இருந்தால், ஏரியாவை மாற்றுவது அவர்களுடைய பதிவுகளையும் மாற்றுகிறது. பரவலாகப் புழங்கும் காண்டாக்ட் ஐடி வடிவத்தில் ஒவ்வொரு செய்தியும் மூன்று இலக்க நிகழ்வுக் குறியீட்டையும், இரண்டு இலக்க ஏரியா எண்ணையும், மூன்று இலக்க ஜோன் அல்லது பயனர் எண்ணையும் சுமந்து செல்கிறது. 130 என்றால் திருட்டு அலாரம், 401 என்றால் பயனர் ஒருவர் திறந்தார் அல்லது மூடினார், 570 என்றால் ஜோன் பைபாஸ். எண்ணைப் பெயராக மாற்றும் பட்டியல் நிலையத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வாசல் கதவைக் கிடங்கிலிருந்து பொது ஏரியாவுக்கு மாற்றிவிட்டு அவர்களிடம் சொல்லாவிட்டால், அலாரம் வரும் இரவில் அவர்கள் கிடங்குப் பொறுப்பாளரை எழுப்புவார்கள்.

எல்லாம் முடிந்ததும் நிலையத்தைச் சோதனை நிலைக்கு மாற்றச் சொல்லிவிட்டு நடந்து பாருங்கள். ஒவ்வொரு ஏரியாவையும் தனியாக ஆர்ம் செய்து, மற்ற இடங்கள் அனைத்திலும் ஆட்களை நடமாட விடுங்கள். பிறகு கடைசியாகப் போகிறவர் கிடங்குக்காரராக, அலுவலகத்தவராக, கணக்குப் பிரிவினராக, சர்வர் அறையிலிருந்து வருபவராக ஒவ்வொரு முறையும் மாறட்டும். கூடம் ஆர்ம் ஆகிறதா, அவர் சைரன் இல்லாமல் வெளியே வருகிறாரா என்று பாருங்கள். காலையில் முதலில் வருபவருக்கும் அதேபோல. ஏரியாக்கள் ஆர்ம் ஆகியிருக்கும்போதே மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்து மீண்டும் கொடுத்தால் பேனல் எந்த நிலையில் எழுகிறது என்பதையும் பாருங்கள். இது மாடலுக்கு மாடல் மாறும். பழைய புரோகிராமின் நகலை எடுத்து வைக்காமல் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள்.

நீங்கள் சொன்னவற்றைக் கொண்டு பார்த்தால் கிடங்கு, அலுவலகம், கணக்குப் பிரிவு, சர்வர் அறை, பொது ஏரியா என ஐந்து வருகிறது. சிறிய பேனல்கள் சில இரண்டு அல்லது நான்கு ஏரியாக்களோடு நின்றுவிடும் என்பதால், அதை முதலில் பாருங்கள். அலுவலகத்தையும் கணக்குப் பிரிவையும் சேர்த்து நான்காக்கிக்கொள்ள முடியும். பொது ஏரியாவை மட்டும் விட்டுக்கொடுக்க இயலாது. பிரிவுகள் வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை, காப்பீடும் தனித்தனி என்றால் ஒரே பேனலைப் பகிர்வது ஏற்கப்படுமா என்று காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. பேனலின் மாடல் எண்ணையும், கீபேடுகள் இப்போது எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதையும், கிடங்குக்குத் தனி வாசல் உண்டா என்பதையும் தெரிவித்தால் மேற்கொண்டு குறிப்பாகச் சொல்ல முடியும்.